கருந்துளைக்குள் போனது எதுவும் திரும்பாது என்றால், அங்கிருந்து காற்று வீசுகிறது என்பது எப்படி?

இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர், எம்.எஸ்சி. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். நீங்களும் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் குழம்பித்தான் கேட்டிருப்பீர்கள். நான் ஒரு செமஸ்டர் முழுக்க அதையே படித்துவிட்டு, அவர் முன்னால் வாயடைத்து நின்றேன். பின்வரிசையில் சிரிப்பு வேறு.

பதில் இரண்டே வரி. அந்தக் காற்று கருந்துளைக்குள் போகவே இல்லை. வெளியே சுற்றும் வாயுத் தட்டிலிருந்து கிளம்புகிறது.

என் புராஜெக்ட், விருச்சிக மண்டலத்தில் இருக்கும் ஜிஆர்ஓ ஜே1655-40. ஒரு கருந்துளையும் ஒரு சாதாரண விண்மீனும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. விண்மீனிலிருந்து உருவப்படும் வாயு நேராக உள்ளே விழாது. சுழல் வேகம் விடாது. தட்டாகப் பரவிச் சுற்றிச் சுற்றித்தான் இறங்கும். உள்விளிம்பு கோடி டிகிரி அளவுக்குக் கொதித்து எக்ஸ் கதிரைக் கக்கும். அந்தக் கதிர் தட்டின் வெளிப்பகுதியைச் சுட, அங்கே ஈர்ப்பு தளர்வாக இருப்பதால் மேலடுக்கு ஆவியாகிப் பறந்துவிடும்.

2005 ஏப்ரலில் சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி எடுத்த நிறமாலையை, அதாவது கதிரை ஆற்றல்வாரியாகப் பிரித்த வரைபடத்தை, (ஆமாம், நம் சந்திரசேகர் பெயர்தான், தரவு இணையத்தில் இலவசம்) நானே வரைந்து பார்த்தேன். எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட எல்லாமே உரிந்துபோன இரும்பின் கோடுகள், 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குப் பக்கத்தில், நீலப்பக்கம், அதாவது ஆற்றல் கூடும் பக்கம், நகர்ந்திருந்தன. நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் வாயு நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். இங்கேதான் சிக்கல். அந்தக் காற்று அடர்த்தியாகவும் கருந்துளைக்கு மிக அருகிலும் இருந்ததால் வெப்பம் மட்டும் போதாது, காந்தப்புலம்தான் தள்ளியிருக்க வேண்டும் என்று மில்லர் என்ற வானியலாளரின் குழு 2006இல் எழுதியது. இல்லை, வெப்பமே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். தெரியும், கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

காற்றென்றால் சும்மா சல்லிக்காற்று என்று நினைக்காதீர்கள். 2015 ஜூனில் வி404 சிக்னி என்ற இன்னொரு கருந்துளை ஜோடியின் தட்டு திடீரென்று பிரகாசமாக வெடித்தபோது, ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள 10.4 மீட்டர் தொலைநோக்கி நொடிக்கு 3,000 கிலோமீட்டர் வரை போன காற்றைப் பார்த்தது. தட்டின் பெரும்பங்கை அதுவே ஊதித் தள்ளியதால்தான் வெடிப்பு இரண்டே வாரத்தில் படுத்துவிட்டது என்கிறார்கள். உள்ளே போனதைவிட வெளியே போனது அதிகமாம்!

இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின இரவு முழுக்கப் பைண்டிங் கடை வாசலிலேயே கழிந்தது. மூன்று காப்பி, கெட்டி அட்டை, தங்க எழுத்து கட்டாயமாம். உள்ளே என்ன இருக்கிறது என்று துறையில் ஒருத்தர்கூடப் புரட்டவில்லை. அட்டையில் ‘டிஸ்க் விண்ட்’ (தட்டுக் காற்று) என்பதை ‘டிஸ்க் விண்டோ’ என்று அடித்துவைத்திருந்தான். அதையும் யாரும் கவனிக்கவில்லை.