குயின் குழு: பெயர் வைத்தவரே சின்னமும் வரைந்தார்

ராக் குழுக்கள் தங்கள் பெயரையும் தோற்றத்தையும் எப்படி முடிவு செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நெருக்கமான குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கதையைச் சொல்கிறேன். அதில் பெயரும் தோற்றமும் ஒரே ஆளின் மூளையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருவானவை.

1960களின் கடைசியில் லண்டனில் பிரையன் மே, ரோஜர் டெய்லர், டிம் ஸ்டாஃபெல் மூவரும் 'ஸ்மைல்' என்ற குழுவை நடத்தி வந்தார்கள். அதற்கும் ஒரு சின்னம் இருந்தது: விரிந்த உதடும் பல்வரிசையும். ஸ்டாஃபெல் வரைந்தது. ஈலிங் கலைக் கல்லூரியில் அவரோடு பழகியவர்தான் ஃப்ரெடி பல்சாரா. சான்சிபாரில் பிறந்த பார்சி. மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவர். ஸ்மைல் வாசிக்கும் இடத்துக்கெல்லாம் போவார், மேடையில் இப்படி உடுத்துங்கள், இப்படி நில்லுங்கள் என்று விடாமல் யோசனை சொல்வார். 1970இல் ஸ்டாஃபெல் விலக, பாடும் இடத்துக்கு ஃப்ரெடியே வந்து சேர்ந்தார்.

புதுக் குழுவுக்குப் பெயர் வேண்டும். மேயும் டெய்லரும் 'ரிச் கிட்ஸ்', 'கிராண்ட் டான்ஸ்' போன்றவற்றைச் சொல்லிப் பார்த்தார்கள். ஃப்ரெடி 'குயின்' என்பதில் பிடிவாதமாக நின்றார். ஆங்கிலப் பேச்சு வழக்கில் அந்தச் சொல் ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்களையும் குறிக்கும் என்பதால் மற்றவர்களுக்குத் தயக்கம். அது தெரிந்துதான் வைத்தேன், அது அந்தப் பெயரின் ஒரு பக்கம் மட்டுமே என்று ஃப்ரெடி பின்னாளில் சொன்னார். கம்பீரமான பெயர், எங்கே போனாலும் புரியும் என்பதோடு, அதை வைத்துக் கண்ணுக்கு நிறையக் காட்டலாம் என்பதும் அவர் சொன்ன காரணம். எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியமாகப் படுகிறது. 1969இல் கிராஃபிக் டிசைன் படிப்பை முடித்தவர் அவர். பெயரைக் காதால் மட்டும் கேட்கவில்லை, அது எப்படித் தெரியும் என்றும் பார்த்திருக்கிறார். தன் பெயரையும் அந்தச் சமயத்தில்தான் ஃப்ரெடி மெர்குரி என்று மாற்றிக்கொண்டார்.

1971இல் ஜான் டீக்கன் வந்து நால்வர் ஆனதும், குழுவுக்குச் சின்னம் வரைந்தார் ஃப்ரெடி. திருப்பூரில் டி-ஷர்ட் பிரிண்டிங்கில் வேலை பழகிய நாட்களில், இந்தச் சின்னத்தைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் ஒவ்வொரு கோடாக வரைந்து பழகியிருக்கிறேன். நடுவில் ஆங்கிலக் 'கியூ' எழுத்து, அதற்குள் கிரீடம். இரு பக்கமும் எழுத்தைப் பிடித்தபடி இரண்டு சிங்கங்கள். உச்சியில் ஒரு நண்டு, அதன் மேல் தீச்சுவாலை. கீழே இரண்டு தேவதைகள். எல்லாவற்றுக்கும் மேலே சிறகை விரித்த ஃபீனிக்ஸ் பறவை. அந்த நண்டை நான் வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். கால்களைத் தனித்தனியாக இழுக்கும்போதுதான் நண்டு என்று புரிந்தது. எல்லாம் ராசி! டீக்கனும் டெய்லரும் சிம்மம், மே கடகம், ஃப்ரெடி கன்னி, அதற்குத்தான் தேவதைகள். (நம்மூரில் சந்திரனை வைத்துப் பார்க்கும் ராசி இல்லை, பிறந்த தேதியை வைத்து மேல்நாட்டில் பார்ப்பது.) பிரிட்டிஷ் அரச இலச்சினையின் சாயலில் நான்கு பேரையும் உள்ளே உட்கார வைத்துவிட்டார். டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தபோது தேவதைகளின் சிறகுக் கோடுகளில் மை அடைத்துக்கொண்டது. கோடுகளைக் குறைத்துத் திரும்ப அடித்தேன். அவ்வளவு நுணுக்கம்.

முதல் ஆல்பம் 1973இல் வந்தபோது இந்தச் சின்னம் கோட்டோவியமாகப் பின்னட்டையில் இருந்தது. 1975இல் வந்த ஆல்பத்தின் வெள்ளை அட்டையிலும் அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தின் கறுப்பு அட்டையிலும் வண்ணத்தில் முன்னுக்கு வந்தது.

அப்புறம் உடை. ஃப்ரெடியும் டெய்லரும் கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணிக் கடை போட்டிருந்தவர்கள், அதனால் துணியைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் வெள்ளையும் கறுப்பும்தான். 1974இல் ஆடை வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ் தைத்துக் கொடுத்த, சிறகு போல விரியும் மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டை இன்றும் பேசப்படுகிறது. அதே ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பத்தின் ஒரு பக்கத்துக்கு 'வெள்ளை', மறு பக்கத்துக்குக் 'கறுப்பு' என்றே பெயர். அதன் அட்டைக்குப் புகைப்படக் கலைஞர் மிக் ராக் எடுத்த படத்தைக் கட்டாயம் பாருங்கள்: இருட்டில் வைர வடிவில் நான்கு முகங்கள், மேலிருந்து விழும் வெளிச்சம், மார்பில் கைகளைக் குறுக்கே வைத்த ஃப்ரெடி. நடிகை மார்லீன் டீட்ரிக்கின் பழைய படம் ஒன்றைப் பார்த்து அமைத்தது அது. 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' பாடலின் காணொளி அதே கோலத்தில்தான் தொடங்கும்.

இத்தனை கவனமாக உருவாக்கிய தோற்றத்தை ஃப்ரெடியே பின்னர் விட்டார். 1980இல் முடியைக் குட்டையாக வெட்டி, மீசையோடு மேடையேறினார். பிடிக்காத அமெரிக்க ரசிகர்கள் சவர ரேசர்களை மேடையில் எறிந்தார்கள். அவர் மீசையை எடுக்கவில்லை.