வீட்டு லைனில் வெல்டிங் வைத்துப் பார்த்தால் மின்திருட்டா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறேன். 200 ஆம்பியர் என்று போட்ட சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்றை ஆன்லைனில் 6,800 ரூபாய்க்கு வாங்கி, மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றவைத்துப் பார்த்தேன். பத்து ராடு எரிவதற்குள் மெஷின் நின்றுவிட்டது. விற்றவரோ, பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம், இது தொழில் கருவி, நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்கிறார். அன்றே பக்கத்து வீட்டு டி.வி. போய்விட்டதாம், நான் பணம் தர வேண்டுமாம். மறுநாள் இ.பி. ஊழியர் ஒருவர் வந்து, "வீட்டு லைனில் வெல்டிங் வைத்தது மின்திருட்டு, இப்போதே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்றார். பிழைப்புக்காக வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால் நுகர்வோர் கோர்ட்டில் ஜெயிக்கலாம் என்கிறார் மைத்துனர். அக்கம்பக்கத்தில் ஒன்றிரண்டு கேட் வேலை பிடிக்கும் எண்ணமும் உண்டு. என்ன செய்வது?

பதில்: மைத்துனர் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது அதுதான்.

மெஷின் எதற்கு என்ற கேள்வியை இரண்டு சட்டங்கள் உங்களிடம் கேட்கின்றன. இரண்டும் கோடு கிழிக்கும் இடம் வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைக்க மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மின்சாரச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. வீட்டு இணைப்பில் கூலிக்கு ஒரு கேட் செய்தாலும் அது அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கு வெளியே போய்விடும். பிழைப்புக்கு வாங்கினேன் என்று நுகர்வோர் ஆணையத்தில், அதாவது நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்டில், நீங்கள் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், நாளை மின்வாரியத்தின் கையில் உங்களுக்கு எதிரான சாட்சியாகும். நடந்தது சொந்தக் கைப்பிடி வேலை. அதையே இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். சொந்த வீட்டு வேலைக்கு வாங்கியவர் நுகர்வோர் என்பதற்குப் பிழைப்புக் கதையே தேவையில்லை.

இனி இ.பி. மின்சாரச் சட்டம் 2003-ல் திருட்டு என்பது 135-வது பிரிவு. கொக்கி போடுவது, மீட்டரில் கை வைப்பது, வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது எல்லாம் அதில் வரும். ஆனால் எதுவானாலும் நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் இழுத்த மின்சாரம் மீட்டரில் ஓடி, பில்லில் ஏறிவிட்டது. உங்களைத் தொடக்கூடியது 126-வது பிரிவு, அதாவது அங்கீகாரமற்ற பயன்பாடு. அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. அனுமதித்த மின்பளுவுக்கு (லோடு) மேல் இழுப்பதும் இதில் அடங்கும் என்று சீதாராம் ரைஸ் மில் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சொந்தக் கைப்பிடியைப் பற்றவைத்தது வீட்டு உபயோகமே என்பது என் கருத்து. கவனிக்க வேண்டியது மின்பளு. 12 கேஜ் ராடை 80 ஆம்பியரில் எரித்தால் மெஷின் லைனிலிருந்து இரண்டு கிலோவாட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். 200-ல் வைத்தால் ஆறு கிலோவாட்டைத் தாண்டும். உங்கள் இணைப்புக்கு எவ்வளவு அனுமதி என்று பாருங்கள். குறைவென்றால் மின்பளுவைக் கூட்ட இப்போதே விண்ணப்பியுங்கள்.

126-ல் நடவடிக்கை என்றால் மதிப்பீட்டு அதிகாரியின் தற்காலிக உத்தரவு எழுத்தில் வர வேண்டும். அதற்கு ஆட்சேபம் சொல்லலாம்; இறுதி உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டி, 127-ன் கீழ் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இரண்டு மடங்கு. எத்தனை நாள் நடந்தது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கும் போடுவார்கள். இங்கேதான் மெஷின் வாங்கிய பில் உங்களைக் காப்பாற்றும். டெலிவரி தேதிக்கு முன் அந்த மெஷினே உங்கள் வீட்டில் இல்லை. இந்த உத்தரவை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. அனீஸ் அகமது வழக்கு 2013-லேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

வாசலில் வந்து பேசி முடிப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்திக் கொடுக்க வைத்தால் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொன்னால்தான் பாதுகாப்பு.

கேட் வேலை பிடிப்பதாக இருந்தால் முதலில் தொழில் டாரிஃபில் தனி இணைப்பு வாங்குங்கள். வீட்டோடு சேர்ந்த 200 சதுர அடி ஆலோசனை அறை வரை என்னைப் போன்ற வக்கீல்களுக்கும், வீட்டில் கைத்தறி போடுபவர்களுக்கும் தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணமே உண்டு. வெல்டருக்கு இல்லை. நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

மெஷினுக்கு வருவோம். "தொழில் கருவி" என்ற விற்பவரின் வாதம் பழையது. வாங்கியவரின் நோக்கம் என்ன என்பது ஒவ்வொரு வழக்கிலும் உண்மையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது என்று லக்ஷ்மி என்ஜினீயரிங் வழக்கில் 1995-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஓட்டிப் பார்க்காமல் பழுது தெரியாது. ஆகவே "பயன்படுத்திய பொருள்" என்ற பதிலும் பழுதான பொருளுக்கு நிற்காது. ஆனால் விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்பும் முன் ஒன்று. மஞ்சள் விளக்கு எரிந்து நின்றதா? அது சூடேறிய மெஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது. அரைமணி ஆறவிட்டு, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தவிர்த்து, 16 ஆம்பியர் பிளக்கில் நேராகப் போட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்பு முதலில் கிளப்பப்போவது இதைத்தான். அப்போதும் ஓடாவிட்டால் வீடியோ எடுத்து, விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்கின்றன 2020 மின்வணிக விதிகள். 1915-க்கும் போன் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம். உள்ளூர்க் கடையில் மெஷினைப் பிரிக்க மட்டும் விடாதீர்கள். ஆணையம் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப நேரலாம். சீல் உடைந்திருந்தால் உங்கள் வழக்கும் உடையும்.

பக்கத்து வீட்டு டி.வி.க்கு நீங்கள் பொறுப்பாக வேண்டுமானால், உங்கள் கவனக்குறைவால்தான் அது போனது என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். ஒரே நாளில் நடந்தது என்பது போதாது. வெல்டிங் வைக்கும்போது வோல்டேஜ் இறங்கி விளக்கு மங்கும், டி.வி.யைப் பொசுக்கும் அளவுக்கு ஏறுவது பெரும்பாலும் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால்தான். அது கம்பத்தில் என்றால் வாரியத்தின் பாடு, உங்கள் வீட்டு ஒயரிங்கில் என்றால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கலாம். மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அதுவரை "நான்தான் காரணம்" என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதிவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்பது வேறு, அதில் தவறில்லை.