பிப்ரவரியில் துருவத்தில் மழை பெய்தால் பயணத்தை ரத்து செய்யலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் (வயது 63, 58) வரும் பிப்ரவரி நடுவில் ஐந்து நாள் பயணமாக நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்குச் செல்ல, கோவையில் ஒரு பயண முகவரிடம் முன்பணம் கட்டியிருக்கிறோம். மைனஸ் இருபது டிகிரி குளிர், ஸ்னோ ஸ்கூட்டர் சவாரி, ‘உத்தரவாதமான’ துருவ ஒளி (வானில் அசையும் வண்ண ஒளி) என்று சொல்லியிருந்தார். 2025 பிப்ரவரியில் அங்கே பனி உருகித் தரை தெரிந்து, தண்ணீர் தேங்கி நின்ற படங்களை இப்போதுதான் பார்த்தோம். கேட்டால், ‘அது எப்பவோ ஒரு தடவை நடக்கிறது சார், பயப்படாதீங்க’ என்கிறார். ரத்து செய்வதா, மாதத்தை மாற்றுவதா?

பதில்: ரத்து செய்ய வேண்டாம். முடிந்தால் மார்ச் முதல் பாதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் முகவர் சொன்ன பதிலை மட்டும் நம்பாதீர்கள்.

‘எப்பவோ ஒரு தடவை’ என்பது தவறு. நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் நை-ஓலெசுண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவையாக இருக்கும்; நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருப்பதும் அங்கேதான். அந்த ஊரின் பிப்ரவரி சராசரி ஒரு காலத்தில் மைனஸ் 15 டிகிரியாக இருந்தது. 2025 பிப்ரவரியில் அது மைனஸ் 3.3 ஆகப் பதிவானது, அம்மாதத்தின் 28 நாள்களில் பாதி நாள்களில் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஏறியது. அதற்கு முன், 2012 ஜனவரி 30 அன்று ஒரே நாளில் அங்கே 98 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஐப்பசியில் அவ்வளவு பெய்தாலே மறுநாள் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார்கள். அது சூரியனே எழாத துருவ இரவில் பெய்த மழை என்பதை நினைத்துப் பாருங்கள்.

சூரியனே இல்லாதபோது வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். பெரும்பாலும் தெற்கிலிருந்துதான். அட்லாண்டிக் கடலில் உருவாகும் புயல்கள் ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் இடையிலான வழியாக ஈரமான வெப்பக் காற்றை வடக்கே தள்ளும்போது, அந்த வழியின் வாசலில் ஸ்வால்பார்ட் நிற்கிறது. இத்தகைய காற்று முன்பும் வந்ததுண்டு; ஆனால் அன்று அது உறைந்த கடல்மேல் நெடுந்தூரம் வந்து வழியிலேயே குளிர்ந்துவிடும். இன்று அதே பாதையில் பனிக்கட்டி மெலிந்தும் விலகியும் போய், திறந்த கடல் மூடி எடுத்த பானையைப் போலத் தன் வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டிருப்பதால், முன்பு உறைநிலைக்குக் கீழேயே நின்றிருக்கக்கூடிய அதே காற்று இன்று உறைநிலையைத் தாண்டி மழையாக இறங்குகிறது. ஸ்வால்பார்ட்டின் முக்கிய ஊரும் நீங்கள் இறங்கப்போகும் இடமுமான லாங்இயர்பியனின் விமான நிலையத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, 1961 முதல் 1990 வரையிலான கணக்கில் மைனஸ் 6.7, 1991 முதல் 2020 வரையிலான கணக்கில் மைனஸ் 3.9. முகவர்களின் வண்ணத் தாள்களில் காணும் ‘மைனஸ் இருபது’ எந்தக் காலத்துக் கணக்கிலிருந்து வருகிறது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

எனினும், இது ஐந்து நாளும் மழை பெய்யும் என்று பொருள்படாது. வெப்பக் காற்று வந்தால் பெரும்பாலும் சில நாள் நிற்கும், பிறகு குளிர் திரும்பும். பயணிக்குச் சிக்கல் தொடங்குவது அந்தத் திரும்பலில்தான். மழைநீர் பனிமேல் தேங்கி, ஓரிரவில் கண்ணாடிபோல் உறைந்துவிடுகிறது. அங்குள்ள கலைமான்கள் குளம்பால் பனியைச் சுரண்டி அடியிலுள்ள பாசியையும் புல்லையும் தின்று குளிர்காலத்தைக் கடப்பவை. உறைந்த இந்தப் பனி ஓட்டினை அவற்றால் உடைக்க முடிவதில்லை, உணவு குளம்புக்கு அடியில் இருக்கும்போதே பட்டினி கிடக்கின்றன. மனிதர்களுக்கு அந்த ஓடு கடைத்தெருவிலேயே இருக்கும். உங்கள் வயதில் எனக்கு முதல் கவலை குளிரல்ல, இடுப்பெலும்புதான். லாங்இயர்பியன் மருத்துவமனை சிறியது. பெரிய முறிவென்றால் விமானத்தில் நார்வே நிலப்பகுதியிலுள்ள ட்ரோம்சோ நகருக்குக் கொண்டுபோவார்கள். ஆகவே காலணியின் அடியில் மாட்டும் இரும்புப் பற்களை, போய்ச் சேர்ந்த முதல் மணிநேரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

உடையிலும் ஒரு வியாபாரம் நடக்கிறது. ‘மைனஸ் நாற்பது தாங்கும்’ என்று ஒரு தடித்த ஜாக்கெட்டை வாடகைக்கு விடுகிறார்கள். அதற்குள் இருப்பது பறவை இறகு என்றால் அது நனைந்த கணமே சூடு காக்காது. பிளஸ் இரண்டு டிகிரியில் காற்றோடு அடிக்கும் மழையில் நனைந்து நிற்பது, உலர்ந்த மைனஸ் பதினைந்தை விடக் கொடுமையானது. உள்ளே கம்பளி, வெளியே நீர் புகாத மேலுடையும் கால்சட்டையும் இருந்தால் போதும். சவாரிக்கான கனத்த உடையை அங்குள்ள நிறுவனத்தாரே கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, ‘உத்தரவாதமான’ துருவ ஒளி. முப்பது ஆண்டுகள் வானிலை அறிக்கை எழுதியவன் என்ற முறையில், இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஒளி தோன்றுவதற்கும் தரையில் நிலவும் குளிருக்கும் தொடர்பில்லை. அது நூறு கிலோமீட்டர் உயரத்துச் சங்கதி. ஆனால் வெப்பக் காற்று வந்தால் கூடவே மேகம் வரும், மேகம் வந்தால் ஒன்றும் தெரியாது. மேலும், இரவு வேளையில் துருவத்தைச் சுற்றி வளையமாகத் தோன்றும் இந்த ஒளி வழக்கமாக நிற்பது ட்ரோம்சோ போன்ற நார்வேயின் வட நிலப்பகுதிக்கு மேலேதான். ஸ்வால்பார்ட் அதற்கும் வடக்கே இருக்கிறது. ஸ்வால்பார்ட்டின் தனிச் சிறப்பு நண்பகலில் தெரியும் துருவ ஒளி. அதைக் காண நண்பகலும் இருட்டாக இருக்க வேண்டும், பிப்ரவரி நடுவில் அங்கே பகல் வெளிச்சம் திரும்பியிருக்கும். ஆகவே, ஒளிதான் முதல் ஆசை என்றால் ட்ரோம்சோவுக்குப் போங்கள், ஸ்வால்பார்ட்டை விடுங்கள். பனியும் மலையும் ஸ்னோ ஸ்கூட்டரும்தான் ஆசை என்றால் மார்ச் முதல் பாதி நல்லது: மார்ச் 8 வாக்கில் மலைக்கு மேலெழும் சூரியனின் ஒளி லாங்இயர்பியன் ஊருக்குள் அவ்வாண்டில் முதல் முறையாக விழும், இரவும் இன்னும் ஓரளவு இருட்டாக இருக்கும். மார்ச்சிலும் மழை பெய்யாதென்று நான் எழுதித் தர மாட்டேன்.

பனி இல்லாத நாளில் என்ன தருவார்கள் என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். அங்குள்ளவர்கள் நாய்வண்டியில் சறுக்குக்குப் பதில் சக்கரம் மாட்டி ஓட்டிக்காட்டுவார்கள், அது நேர்மையான ஏற்பாடுதான். ‘பணம் திரும்பாது’ என்று உங்கள் முகவர் சொல்வதில் விமானக் கட்டணம் எவ்வளவு, விடுதி எவ்வளவு, அவருடைய கமிஷன் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால், குரல் சற்று இறங்கும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது விசா. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும், 1920 ஒப்பந்தத்தின்படி தனி நிலை கொண்டது. பல ஐரோப்பிய நாடுகள் ஒரே விசாவில் சேர்ந்திருக்கும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே இறங்க விசா வேண்டாம். இதைப் பிடித்துக்கொண்டு ‘விசா இல்லாத துருவம்’ என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் ஒஸ்லோவில் இறங்கும்போது ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள், லாங்இயர்பியன் விமானம் ஏறும்போது வெளியேறுகிறீர்கள், திரும்பி வரும்போது மீண்டும் நுழைகிறீர்கள். ஆக, இரு நுழைவு. ட்ரோம்சோவோடு பயணத்தை முடித்துக்கொண்டால் ஒரு நுழைவு விசா போதும். வேறொரு ஐரோப்பிய நாட்டின் வழியாக ஒஸ்லோ வந்தாலும் அதுவரை ஒரே நுழைவுதான். பத்து நாள் நார்வே சுற்றிவிட்டு நடுவில் இரண்டே நாள் ஸ்வால்பார்ட் போய் வந்தாலும் இரு நுழைவு வேண்டும். விண்ணப்பத்தில் இதற்கான கட்டம் மிகச் சிறியது. தாள்களைச் சரிபார்த்து வாங்கும் விசா மைய முகப்பில் இருப்பவர்கள் ‘எதைக் குறிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லக் கூடாது’ என்பார்கள். தூதரகத்தைக் கேட்டால் முகப்பைக் கேட்கச் சொல்வார்கள். முதியவர்களை இப்படி அலைக்கழிக்கும் முறையை யார் வகுத்தார்களோ தெரியவில்லை.

பருவநிலை மாற்றம் குறுக்கிடுவதும் இங்கேதான். வெப்பப் புயல் வந்தால் விமானங்கள் நிற்கும். 2012 மழையில் லாங்இயர்பியன் விமான நிலையமே மூடப்பட்டது. விசாவின் கடைசித் தேதியும் உங்கள் திரும்பும் தேதியும் ஒன்றாக இருந்து, இரண்டு நாள் அங்கே மாட்டிக்கொண்டால், நீங்கள் ஷெங்கனுக்கு வெளியே காலாவதியான விசாவோடு நிற்பீர்கள். வீடு திரும்ப வேறு வழியும் கிடையாது. ஆகவே விண்ணப்பத்தில் திரும்பும் தேதியைத் தாராளமாகத் தள்ளிக் குறியுங்கள், காப்பீட்டின் தேதியையும் அதற்கேற்ப நீட்டுங்கள், லாங்இயர்பியனிலிருந்து கிளம்பும் நாளுக்கும் ஒஸ்லோவிலிருந்து சென்னை விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் முழுதாக இரண்டு நாள் விடுங்கள். அந்த இரண்டு நாள் விடுதிச் செலவைக் காட்டி முகவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.