சாக்கெட் வாங்கும்போது எண்ணிக்கையில் மயங்க வேண்டாம்

கேள்வி: என் காரின் சிறு வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். முன்பு வாங்கிய 46 உருப்படி சாக்கெட் பெட்டி (சாக்கெட் என்பது நட்டின் மேல் மாட்டித் திருகும் குழல்) வீல் நட்டுக்கு உதவவில்லை. இப்போது கோவைக் கடையொன்றில், உட்புறம் 12 முனை உள்ள சாக்கெட்டுகள் கொண்ட அரை அங்குலப் பெட்டியைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களிடம் உள்ளதைப் போன்ற பெட்டிகள் பெரும்பாலும் கால் அங்குல ராட்செட்டுடன் வருபவை. (ராட்செட் என்பது சாக்கெட்டைக் கழற்றாமலே முன்னும் பின்னும் அசைத்துத் திருகும் கைப்பிடி; கால் அங்குலம் என்பது சாக்கெட் மாட்டும் அதன் சதுரத் தண்டான டிரைவின் அளவு.) சாக்கெட்டுகள் 14 மில்லிமீட்டரோடு நின்றுவிடும், எண்ணிக்கையை நிரப்புவது திருப்புளி முனைகள்தான். வீல் நட்டோ மாருதியின் பல கார்களில் 19, ஹூண்டாயின் பல கார்களில் 21.

12 முனை சாக்கெட் 30 பாகைக்கு ஒருமுறை நட்டில் அமரும் என்பதால் இடுக்கில் மாட்ட எளிது. ஆனால் அது நட்டின் மூலைகளை ஒட்டியே அழுத்துவதால், துருவேறிய போல்ட்டில் முழுப் பலத்தையும் கொடுக்கும்போது மூலை மழுங்கி, சாக்கெட் வெறுமனே சுற்றத் தொடங்கிவிடும். 6 முனை சாக்கெட் மூலையிலிருந்து சற்றுத் தள்ளி, நட்டின் பட்டைப் பக்கங்களில் பற்றுகிறது. ராட்செட் கையில் இருக்கும்போது மாட்டும் வசதிக்காக 12 முனையைத் தேட வேண்டிய தேவையும் குறைவு.

ஆகவே 8, 10, 12, 13, 14 ஆகியவற்றை எட்டில் மூன்று அங்குல டிரைவிலும், 17, 19, 21 ஆகியவற்றை அரை அங்குல டிரைவிலும், 6 முனையாகச் சில்லறையில் வாங்குங்கள். (இந்தப் பின்னக் கணக்கில் கடைப் பையன்களே தடுமாறுவதுண்டு, எடுத்துக்காட்டச் சொல்லிவிடுங்கள்.) அங்குல அளவு சாக்கெட்டை மாற்றாகத் தந்தால் கவனம் தேவை: முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர் என்பதால் 19க்குப் பொருந்தும். பதினாறில் ஒன்பது அங்குலம் 14.29 என்பதால் 14 நட்டில் ஆடும், ஆடினால் மழுங்கும். காரிலிருந்து ஒரு 10 போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய், கல்லாவிலேயே சாக்கெட்டை மாட்டி ஆட்டிப் பாருங்கள்.

இம்பாக்ட் கன் (நட்டை அடித்தடித்துச் சுழற்றும் விசைக் கருவி) பயன்படுத்துவதாக இருந்தால், சுவர் தடித்த கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டையே வாங்க வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அதில் மாட்டி அது வெடித்துப்போனால், கடைக்காரரைக் குறைசொல்ல வழியில்லை. கையால் திருகும்போதே வெடித்தால் அது குறைபாடுள்ள பொருள். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடப்படாதபோது 30 நாளுக்குள் அதைத் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். அதற்குப் பில் கையில் இருக்க வேண்டும்.