ரோமானியச் செப்புக்காசுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

துபோன்டியஸ், ஆஸ் என்ற ரோமானியக் காசுகள் இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

பொதுவாக எல்லாவற்றையும் வெண்கலக் காசு என்கிறோம். ஆனால் முதல் பேரரசர் அகஸ்டஸின் நாணயச் சீரமைப்புக்குப் பின் துபோன்டியஸ் பித்தளை, ஆஸ் செம்பு. எடை முறையே சுமார் 12.5, 11 கிராம். மதிப்போ இரு மடங்கு வேறுபடும்: ஒரு துபோன்டியஸுக்கு இரண்டு ஆஸ். களிம்பேறி நிறம் மறைந்திருந்தால் பேரரசரின் தலையைப் பாருங்கள். கூரான கதிர்கள் கொண்ட கிரீடம் இருந்தால் துபோன்டியஸ். பேரரசர் நீரோ காலத்தில் தொடங்கிய இவ்வழக்கம் பிறகுதான் நிலைத்தது; அதற்கு முந்தைய காசுகளுக்கு இந்தச் சோதனை உதவாது.

ஓர் ஆஸுக்கு என்ன வாங்கலாம்?

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியின் மதுக்கடைச் சுவரொன்றில் விலையே எழுதியிருக்கிறது: ஓர் ஆஸுக்குச் சாதா மது, இரண்டுக்கு நல்லது, நான்குக்கு ஃபலெர்னியன் என்ற உயர்ந்த மது. 16 ஆஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளி தெனாரியஸ்.

பிரசாரத்துக்குச் செஸ்டெர்ஷியஸ் என்ற பெரிய காசு ஏன் அவ்வளவு பொருத்தம்?

இடம்தான் காரணம். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம், சுமார் 25 கிராம் எடை. ஒரு முழுக் காட்சியையே செதுக்கலாம். கி.பி. 71-இல் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவே பேரீச்சமரம், அதன் அடியில் குனிந்து அழும் பெண், சுற்றிலும் ‘யூதேயா (யூதர் நாடு) கைப்பற்றப்பட்டது’ என்ற வாசகம். எழுத்தறியாதவருக்கும் யார் வென்றார், யார் தோற்றார் என்பது புரிந்துவிடும். இத்தகைய காசுகளில் காணும் எஸ், சி என்ற இரண்டு எழுத்துகளுக்குச் ‘செனட்டின் (ரோமின் ஆட்சி மன்றத்தின்) ஆணைப்படி’ என்று பொருள். பெயர் செனட்டுடையது, படமும் புகழும் பேரரசருக்கு.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி. பழங்காசில் எழுத்தும் முகமும் பெரும்பாலும் அந்தக் களிம்புப் படலத்திலேயே தங்கியிருக்கும். அமிலம் அதைக் கரைத்தால் மிஞ்சுவது குழிவிழுந்த வெறும் செம்பு. காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள், சில நாளுக்கொரு முறை நீரை மாற்றுங்கள், இளகிய மண்ணை மூங்கில் குச்சியால் மட்டும் தள்ளுங்கள். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வெளிர்பச்சைத் தூள் பூத்தால், உள்ளே குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது என்று பொருள். அந்தக் காசை நன்கு உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் தனிப் பெட்டியில் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை ஆகாது, அதுவும் செம்பைக் கெடுக்கும்.

இலங்கையில் கிடைக்கும் ரோமானியக் காசுகள் ஏன் இவ்வளவு சிறியவை?

அவை பெரும்பாலும் 4, 5-ஆம் நூற்றாண்டுச் சில்லறை. அப்போது செஸ்டெர்ஷியஸ் வழக்கொழிந்துவிட்டது. உள்ளூரில் செய்த போலிகளும் அவற்றோடு கலந்தே கிடைக்கின்றன. எழுத்து வெறும் கோடுகளாக இருந்தால் அதைச் சந்தேகியுங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். அவையும் கைமாறிப் புழங்கிய காசுகளே.