மாலை டிரிப்பை யாரிடம் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊருக்கு மாலையில் வரும் டவுன் பஸ்ஸைக் காணோம். கண்டக்டர் டெப்போவைக் கை காட்டுகிறார். டெப்போவில் மண்டல ஆபீஸுக்குப் போகச் சொல்கிறார்கள். யாரைத்தான் கேட்பது? (கும்பகோணம் பக்கத்து வாசகர்)

பதில்: பஸ் அடியோடு நின்றுவிட்டதா, சில நாள் வந்து சில நாள் வராமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விட்டுவிட்டு வந்தால் அது டெப்போ விவகாரம். டிரைவர் லீவில் இருப்பார், ஸ்பேர் பஸ் இருக்காது, அல்லது முந்தைய நடை தாமதமாகி இந்த டிரிப்பைக் கட் பண்ணியிருப்பார்கள். கிளை மேலாளர் நினைத்தால் சரியாகிவிடும். ஒரு நாள்கூட வரவில்லையென்றால் வண்டியை வேறு தடத்தில் விட்டிருக்கலாம். அதற்கு மண்டலப் பொது மேலாளரைத்தான் பார்க்க வேண்டும்.

‘பஸ் வரவில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மனு ஃபைலில் தூங்கும். தட எண், புறப்படும் நேரம், வராத தேதிகள் மூன்றும் வேண்டும். பதில் வராவிட்டால் மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். ‘ஏன் ஓட்டவில்லை’ என்று கேட்காதீர்கள். அந்த நடையின் கால அட்டவணை, கடந்த மூன்று மாதத்தில் அது ரத்தான தேதிகள், பதிவேட்டில் எழுதிய காரணம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இல்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

இன்னொரு வழியும் உண்டு. பஸ் எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்பது பெர்மிட்டில் இருக்கும். மாவட்டங்களில் பெர்மிட் தரும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்பது கலெக்டர்தான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது பெர்மிட்படி பஸ் ஓடவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு விஷயம்: கட்டணமில்லாமல் ஏறும் பெண்கள் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ‘காசு இல்லையே, சீட்டு எதற்கு’ என்று விட்டுவிட்டால் மெஷின் கணக்கில் பஸ் காலியாக வந்ததாகத்தான் நிற்கும். ஆளில்லாத நடை என்று பெயரெடுத்த டிரிப்புக்காகப் பிறகு வாதாடுவது கஷ்டம்.

கேள்வி: நஷ்டம் என்றால் அரசுப் போக்குவரத்துக் கழகமே கட்டணத்தை ஏற்ற வேண்டியதுதானே?

பதில்: முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 67-ஆம் பிரிவின்படி கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. 2018 ஜனவரியில் புறநகர் சாதாரண பஸ்ஸுக்கு வைத்தது கி.மீ.க்கு 58 காசு. 55 பேர் நிறைந்து வந்தாலும் கி.மீ.க்கு 31 ரூபாய் 90 காசுதான். லிட்டருக்கு ஐந்தரை கி.மீ. ஓடும் வண்டியில் பாதிக்குமேல் டீசலே சாப்பிட்டுவிடும். மீதியில்தான் சம்பளம், டயர், உதிரி பாகம், கடன் வட்டி எல்லாம். மாணவர் பாஸுக்கும் மகளிர் பயணத்துக்கும் உரிய தொகையை அரசு ஈடுகட்டுகிறது. ஆனால் அந்தப் பணம் தாமதமானால் முதலில் அடிபடுவது உதிரி பாகக் கொள்முதல்தான். அதனால்தான் ஸ்பேர் பஸ்ஸும் பாகம் இல்லாமல் டெப்போவிலேயே நிற்கிறது.

கேள்வி: கேரளத்தைப்போல இங்கும் ஒரே கழகமா?

பதில்: இல்லை. அங்கே 1950-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டப்படி அமைந்த ஒரே கழகம். இங்கே 1972 முதல் கம்பெனிச் சட்டத்தில் பதிவான தனித்தனி நிறுவனங்கள், இப்போது எட்டு. பங்கு முழுவதும் அரசுடையது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாக இயக்குநர் உண்டு. இயக்குநர் குழுவுக்குத் தலைவர் போக்குவரத்துத் துறைச் செயலர். கணக்கைப் பார்க்கும் தணிக்கையாளரை சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) நியமிக்கிறார்.

கேள்வி: கழகங்களுக்கு முன்பு இருந்த பல்லவன், சோழன், சேரன் பெயர்கள் என்ன ஆயின?

பதில்: கழகங்களுக்குத் தலைவர்கள் பெயரைச் சூட்டியதையொட்டிச் சாதிக் கலவரம் மூண்டதால், 1997-இல் எல்லாப் பெயரும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டன. எது எந்த ஊர் வண்டி என்று இப்போது நம்பர் பிளேட்டைப் பார்த்தும் அறியலாம். ‘டிஎன் 68 என்’ என்றால் கும்பகோணம், ‘டிஎன் 72 என்’ என்றால் நெல்லை. அந்த ‘என்’ அரசு பஸ்ஸுக்கான எழுத்து.