தொப்பைக்கும் மூளைக்கும் என்ன பேச்சு? பைபோலார் மனச்சோர்வு கேள்வி பதில்

மனநலப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், மருத்துவர் இல்லை. பைபோலார் என்றால் மனநிலை சில காலம் உச்சத்துக்கு ஏறி, சில காலம் சோர்வில் விழும் மனநோய்; அந்தச் சோர்வைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. மருந்தைக் கூட்டு, குறை என்று சொல்ல மாட்டேன். மற்றதைக் கேளுங்கள்.

ஈசூன் தம்பி: அக்கா, எடை கூடினால் மூளைக்கு என்ன?

தொப்பைக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை தம்பி. அதற்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் புகுந்து உட்கார்ந்துகொண்டு ஐஎல்-6, டிஎன்எஃப் மாதிரி அழற்சிப் பொருள்களை (அழற்சி என்றால் கிருமி, காயத்தை எதிர்க்க உடம்பு கிளப்பும் கொதிப்பு) ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், அந்தச் சேதி மூளைக்குப் போனால் அங்கே காவலுக்கு இருக்கும் மைக்ரோகிளியா அணுக்கள் முறுக்கேறும், மனநிலைக்கு உதவும் செரோட்டோனினைத் தயாரிக்க வேண்டிய டிரிப்டோஃபான் என்ற மூலப்பொருளும் வேறு பாதைக்குத் திரும்பும். காய்ச்சலில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சுருண்டு படுப்போமே, கிட்டத்தட்ட அதே சோர்வு, காய்ச்சல் மட்டும் இருக்காது. முன்பு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு, நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்ததே, அழற்சியால் மனச்சோர்வு வரலாம் என்ற சந்தேகம் வலுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பைபோலார் உள்ளவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததிலும், சராசரியாக எடை கூடியவர்களுக்கு மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, சற்று மெலிந்திருக்கிறது. அதற்காக குண்டாக இருப்பதால்தான் பைபோலார் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒல்லிக்குச்சிகளுக்கும் வருகிறது.

தோ பாயோ அண்ணன்: அப்போ அழற்சியைக் குறைக்கிற மாத்திரை போட்டால் போதுமே? மூட்டு வலிக்கு வாங்கிய ஐபுப்ரோஃபென் வீட்டில் இருக்கிறது.

பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் எடுக்கிறீர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள்! ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைத்துவிடும், ரத்தத்தில் அளவு ஏறும். இப்படித்தான் கை நடுங்கி, தே குவளையைத் தூக்குவதற்குள் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு வந்தார் ஒருவர். மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் தொடாதீர்கள். அப்புறம், இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2019ல் பைபோலார் மனச்சோர்வு உள்ள 60 பேரை வைத்து 12 வாரம் இன்ஃப்ளிக்சிமாப் (டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்து) சோதனை, 2020ல் பாகிஸ்தானில் மினோசைக்ளின் (ஆன்டிபயாட்டிக்), செலிகாக்சிப் (வலி, அழற்சி மாத்திரை) சோதனை. ஒட்டுமொத்தமாகப் போலி மருந்தை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்துச் சத்தில்லாததை, இவை தாண்டவில்லை. என்னைக் கேட்டால், பாகிஸ்தான் சோதனையில் அழற்சி ஏறியவரையும் ஏறாதவரையும் ஒரே கூடையில் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்; ஆனால் இன்ஃப்ளிக்சிமாப் சோதனையில் அழற்சிக்கான அடையாளம் உள்ளவர்களைத்தான் எடுத்தார்கள், அங்கேயும் தாண்டவில்லை.

பெயர் வேண்டாம்: ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி சோதனை எடுக்கலாமா?

சளி பிடித்தாலே ஏறும் சங்கதி அது. பைபோலாருக்கான சோதனை இல்லை. அதைவிட இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு, லித்தியம் எடுத்தால் தைராய்டு, இதையெல்லாம் பலதுறை மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா: மாத்திரை ஆரம்பித்ததும் மகளுக்கு 9 கிலோ கூடிவிட்டது. வாயைக் கட்டு என்றால், மாத்திரையையே நிறுத்திவிட்டாள்.

திட்டாதீங்கம்மா. பைபோலாருக்குக் கொடுக்கும் ஓலன்சபின், குவெட்டியாபின் மாதிரி மாத்திரைகள் பசியையே மாற்றிவிடும். ராத்திரி 11 மணிக்கு மேகி கிண்டினாலும், அது மாத்திரை செய்கிற வேலை, கொழுப்பெடுத்துப் போய் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம், இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். லாமோட்ரிஜின், லுராசிடோன் மாதிரி எடையை அவ்வளவாக ஏற்றாதவை இருக்கின்றன, சிலருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சேர்ப்பதும் உண்டு. அவளுக்கு எது ஒத்துவரும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் தே இருந்த இடத்தில் தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்), சாப்பாட்டுக்குப் பிறகு புளோக்கைச் சுற்றி ஒரு நடை, நீங்களும் கூடவே. இங்கே சிங்கப்பூரில் உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 23 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள், 27.5 என்றால் அபாயம் அதிகம். மாத்திரை தொடங்கிய தேதியையும் அன்றைய எடையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், "கொஞ்சம் கூடியிருக்கு டாக்டர்" என்று வாயால் சொன்னால் எடுபடாது.